தொலைவிலக்கைக் காட்டும் கம்பியில்லாக் கண்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

    

இம்மேடையில் எனக்கு முன் பேசிய அறிஞர்கள் இலக்கியச் சுவையையும் இசையின் நுட்பத்தையும் எடுத்துரைத்தார்கள். நானோ பத்தாம் வகுப்புத் தேறி, புகைவண்டித் துறையின் சிக்னல் பிரிவில் கலாசியாகச் சேர்ந்து, பின்னர்த் துறைத் தேர்வு எழுதி எழுத்தர் நாற்காலியில் அமர்ந்தவன். கல்லூரி வாசலை மிதித்தவன் அல்லன். எனினும், "உமக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றிப் பேசும், அதுவே போதும்" என்று செயலாளர் அவர்கள் பணித்தார்கள். எனக்குத் தெரிந்தவை கம்பமும் கம்பியும் மின்கலமுமே. ஆதலின், கம்பியே இல்லாமல் தொலைவிலுள்ள குறியிலக்கைக் கண் முன் கொணரும் காமிரா அமைப்பு ஒன்றைப் பற்றிப் பேசத் துணிந்தேன்.

தமிழ்ச் சங்கத்தில் துப்பாக்கியைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். நாம் வாழும் இந்த ஜபல்பூர் படைக்கலத் தொழிலால் வளர்ந்த நகரம். பீரங்கி வண்டித் தொழிற்சாலை இங்கு 1904-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. நம்மவரிற் பலர் இவ்வூர்க்கு வந்ததும் அத்தகைய தொழிற்சாலைகளையும் புகைவண்டித் துறையையும் நம்பியே அன்றோ? மேலும், குறி பார்த்துச் சுடுதல் இன்று உலகம் போற்றும் விளையாட்டு. கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019-ஆம் ஆண்டு உலகக் கோப்பைப் போட்டியில் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் பிரிவில் தங்கம் வென்றார். பிழைப்பைத் தேடி வெளி மாநிலம் சென்ற தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் அது பெருமை. 2015 முதல் மத்தியப் புகைவண்டித் துறையில் பயணச்சீட்டுப் பரிசோதகராகப் பணியாற்றிய ஸ்வப்னில் குசாலே, 2024-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வென்றார். அவர் நம் துறையைச் சார்ந்தவர் என்பதில் என் போன்றோர்க்கு உள்ள உவகையைச் சொல்லவும் வேண்டுமோ?

இனிப் பொருளுக்கு வருவோம். 10 மீட்டரில் உள்ள இலக்கை மின்னணுக் கருவி படிக்கும். 50 மீட்டரில் உள்ளதைத் தொலைநோக்காடி காட்டும். 300 மீட்டர்ப் போட்டியிலோ நிலைமை வேறு. அவ்விலக்கின் நடுவிலுள்ள பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 100 மில்லிமீட்டர். வெளி வட்டத்தின் விட்டம் ஒரு மீட்டர். அதனைத் துளைக்கும் 7.62 மில்லிமீட்டர் வகைக் குண்டோ மிகச் சிறியது. நம் சட்டைப் பொத்தானிலும் சிறிய துளை அது. குண்டு பட்ட இடம் தெரியாமற் சுடுபவன், விடைத்தாள் திரும்பி வராத தேர்வை எழுதும் மாணவனை ஒத்தவன். பயிற்சியால் அவன் அடையும் பயன் என்ன?

கண்ணால் ஏன் காண இயலாது? ஒரு பாகையை அறுபது கூறாக்கினால் ஒரு கூறு ஒரு கலை. நல்ல கண்ணுக்கு ஏறத்தாழ ஒரு கலை அளவுள்ள நுண்மை புலனாகும் என்பர். 300 மீட்டர்த் தொலைவில் ஒரு கலை என்பது 87 மில்லிமீட்டர் அகலம். நாம் காண விரும்பும் துளையோ அதனில் பதினொன்றில் ஒரு பங்கு. எனவே, கணக்கின்படி பதினொரு மடங்கு பெருக்கும் தொலைநோக்காடி வேண்டும். கறுப்பு வட்டத்திற்குள் விழுந்த துளையைத் தெளிவாகக் காண இருபத்தைந்து முப்பது மடங்கு வேண்டும். அத்தகைய ஆடி கிடைத்தாலும் இயற்கை ஒரு தடை போடும். அதுவே கானல். வெயில் ஏறியதும் தரையிலிருந்து எழும் சூடான காற்று, குளிர்ந்த காற்றோடு கலந்து நடுங்கும். அக்காற்றின் ஊடே வரும் ஒளியும் வளைந்து வளைந்து வரும். ஆடி எவ்வளவுக்குப் பெருக்குகிறதோ அவ்வளவுக்கு அந்த நடுக்கத்தையும் பெருக்கும். இவ்வூரின் சித்திரை வைகாசி வெயிலில், தண்டவாளத்தின் மேல் தொலைவில் நிற்கும் வண்டி நீரில் மிதப்பது போல் தோன்றுவதை நாம் காணவில்லையா? குறியிலக்கும் அப்படித்தான் மிதக்கும். ஆடியை விலை கொடுத்து வாங்கலாம். அசையாத காற்றை எங்கே வாங்குவது?

இதற்கு முன்னோர் கண்ட வழி, இலக்கின் அருகே ஓர் ஆளை வைப்பது. இங்கிலாந்தில் 1859-இல் தேசியத் துப்பாக்கிக் கழகம் தோன்றியது. அதன் முதற் போட்டியை 1860-ஆம் ஆண்டு விம்பிள்டன் திடலில் விக்டோரியா அரசியார் முதற் குண்டைச் சுட்டுத் தொடங்கி வைத்தார். 1890 முதல் அப்போட்டி பிஸ்லி என்னும் ஊருக்கு மாறியது. அக்காலத்தில் இரும்புத் தகட்டில் குண்டு பட்டதும், மறைவிடத்தில் இருந்த ஆள் கொடியசைத்து மதிப்பெண் அறிவிப்பான். பின்னர்ப் பள்ளம் தோண்டி, அதற்குள் ஆட்கள் இருந்து, துணியிலக்கை இறக்கித் துளையைக் குறித்து மீண்டும் ஏற்றும் முறை வந்தது. பெரிய சுடுகளங்களில் அம்முறை இன்றும் உண்டு. நன்கு கட்டிய பள்ளமும் கண்டிப்பான ஒழுங்கும் உள்ள இடத்தில் அதனால் தீங்கில்லை. அவ்வசதி இல்லாத சிறு களங்களில்தான் உயிருக்கு உலை.

நம் நகருக்கு வெளியே உள்ள ஒரு சுடுகளத்திற்கு என்னை அழைத்துச் சென்றவர் என் அலுவலக நண்பர். அங்குப் பயிற்சி பெறும் போட்டி வீரர். அங்கே இலக்கின் அருகே ஒரு பதுங்கு குழி உண்டு. அதில் இருவர் அமர்ந்திருப்பர். ஒருவர் அறுபதை நெருங்கிய பெரியவர்; அனைவரும் அவரைச் 'சாச்சா' என்றே அழைப்பர். மற்றவர் ஓர் இளைஞர். ஐந்து குண்டு சுட்டதும் சீழ்க்கை ஒலிக்கும்; செங்கொடி ஏறும். இருவரும் குழியிலிருந்து வெளிவந்து துளைகளைப் பார்த்துத் தட்டியால் இடங்காட்டி, ஒட்டுத்தாள் ஒட்டிவிட்டுக் குழிக்குள் இறங்குவர். ஒரு வீரர்க்கு முப்பது குண்டு என்றால் ஆறு முறை வெளிவர வேண்டும். ஒரு நாளில் நான்கு அணி மாறிச் சுட்டால் இருபத்து நான்கு முறை. அந்த இருபத்து நான்கு முறையும் அவர்கள் உயிர், யாரோ ஒருவர் சீழ்க்கையைச் சரியாகக் கேட்டார் என்னும் நம்பிக்கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் அந்நம்பிக்கை பொய்த்தது. சாச்சா இன்னும் நிமிர்ந்து நிற்கையிலேயே ஒரு குண்டு புறப்பட்டுவிட்டது. இறைவன் அருளால் அது பக்கத்து இலக்கைத் துளைத்து மண்மேட்டில் புதைந்தது. சுட்டவர் இன்னார், களம் இன்னது என்பது ஈண்டு வேண்டா. அன்று மாலை சாச்சா என்னிடம் இந்தியில் கூறியதைத் தமிழில் சொல்கிறேன்: "பாபுஜி, குண்டுக்கு ஆள் அடையாளம் தெரியாது. கொடி காற்றுக்கும் அசையும், கைக்கும் அசையும். எது எதுவென்று முந்நூறு மீட்டருக்கு அப்பால் இருந்து யார் பார்ப்பது?" அவர் கோபித்துக் கூறவில்லை. பீடியைப் பற்ற வைத்துக்கொண்டே கூறினார். அதுதான் என்னை உறுத்தியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நானும் நண்பரும் காமிரா வேலையில் இறங்கினோம்.

இவ்வமைப்பில் நான்கு உறுப்புகள் உண்டு. இலக்கின் அருகே காமிரா. அதனோடு இணைந்த அலைபரப்பி. சுடும் இடத்தில் அலைவாங்கி. அதனைப் பார்க்கக் கைப்பேசி அல்லது கணிப்பொறி. கண், வாய், செவி, மனம் என்று நினைவில் கொள்ளலாம்.

முதலில் கண்ணைப் பற்றிக் கூறுவேன். காமிராவை இலக்கிலிருந்து நான்கு மீட்டர் முன்னும் ஒன்றரை மீட்டர் பக்கவாட்டிலும் தாழ்வாக வைத்தோம். நேரெதிரே வைத்தாற் குண்டு அதனையே துளைத்துவிடும். பக்கவாட்டில் இருந்து பார்ப்பதால் படத்தின் அகலம் நூற்றுக்கு ஆறு பங்கு குறையும். அது பொருட்படுத்தத் தக்கதன்று. காமிராவின் முன்னே தடித்த எஃகுத் தகடும் மணல் மூட்டையும் அரண். 300 மீட்டர் இலக்கின் அட்டை 1.3 மீட்டர்ச் சதுரம். 1080 வரிகள் கொண்ட படத்தில் அதனை நிரப்பினால், ஒரு குண்டுத் துளைக்கு ஏறத்தாழ ஆறு புள்ளிகள் கிடைக்கும். துளையை அறிய அது போதும். இலக்கைச் சுற்றி வானமும் மண்மேடும் தெரியுமாறு விரித்துப் பிடித்தால், துளைக்கு இரண்டு மூன்று புள்ளியே மிஞ்சும். படம் அழகாக இருக்கும், பயன்படாது. எனவே சட்டம் முழுவதும் இலக்கே நிறைய வேண்டும். ஞாயிறு காமிராவின் முகத்தில் விழாதவாறு ஒரு சிறு கூரையும் வேண்டும்.

அடுத்து, அலை செல்லும் வழி. கம்பியில்லாச் செய்தி என்றால் நம் நாட்டினர் நினைக்க வேண்டியவர் ஜகதீச சந்திர போஸ். 1894 முதல் 1896 வரை கல்கத்தாவில் அவர் மிகச் சிறிய அலைநீளமுள்ள மின்காந்த அலைகளைக் கொண்டு ஆய்வுகள் நிகழ்த்தினார். இன்று நம் வீட்டுக் கூடத்தில் இருக்கும் வைஃபைப் பெட்டியும் அவ்வினத்து அலைகளையே வீசுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர், 5.8 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஐந்து சென்டிமீட்டருக்குச் சற்று மேல்.

வீட்டுப் பெட்டியையே களத்தில் வைத்தால் ஆகாதோ என்று பலர் கேட்பர். அப்பெட்டி நாற்புறமும் அலை வீசுவது. தொலைவு இரட்டித்தால் அலையின் வலிமை நான்கில் ஒன்றாகும். 10 மீட்டரில் கிடைப்பதைப் போல் 300 மீட்டரில் கிடைப்பது தொள்ளாயிரத்தில் ஒரு பங்கே. எனவே, சிதறும் அலையைக் குவித்து ஒரு திசையில் செலுத்தும் தட்டை ஆன்டெனாக்கள் இரண்டு வேண்டும். ஒன்றின் முகம் மற்றதைப் பார்த்திருக்க வேண்டும். அரிக்கேன் விளக்குக்கும் வண்டி எஞ்சினின் முகவிளக்குக்கும் உள்ள வேறுபாடுதான் இது.

இங்கே நுட்பம் ஒன்று உண்டு. இரண்டு ஆன்டெனாக்களும் ஒன்றையொன்று காண்கின்றன. ஆயினும் படம் வெட்டி வெட்டி வருகிறது என்று பலர் முறையிடுவர். காரணம், அலை நூல் பிடித்தாற் போல் ஒற்றைக் கோட்டில் செல்வதில்லை. நடுவிற் பருத்து இருமுனையும் சிறுத்த கதிர்க்கோல் போன்ற ஒரு வெளியை நிரப்பிக்கொண்டு செல்கிறது. ஃபிரெனல் என்னும் பிரெஞ்சு அறிஞரின் பெயரால் அதனை வழங்குவர். 300 மீட்டர்த் தொலைவுக்கு, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில், அதன் நடுப்பகுதியின் ஆரம் மூன்று மீட்டர், 5.8 கிகாஹெர்ட்ஸில் இரண்டு மீட்டர். அதில் பத்தில் ஆறு பங்காவது தடையின்றி இருத்தல் வேண்டும். தரையும் ஒரு தடையே! ஆன்டெனாவைத் தரையோடு வைத்தால், பாதி வழியை மண் விழுங்கிவிடும். ஆதலின் நாங்கள் 5.8 கிகாஹெர்ட்ஸ் கருவியைத் தேர்ந்து, இருபுறமும் இரண்டரை மீட்டர் உயர மூங்கிற் கம்பம் நட்டோம். இலக்குப் பக்கத்துக் கம்பம் சுடும் கோட்டில் இல்லாமல், களத்தின் ஓரச் சுவரை ஒட்டி நிற்கிறது. அங்கிருந்து காமிராவுக்கு மட்டும் ஒரு கம்பியை மண்ணுக்குள் புதைத்துக் கொண்டு சென்றோம். கம்பியில்லா அமைப்பிலும் சிறிது கம்பி உண்டு என்பதைக் கண்டு நண்பர்கள் நகைத்தார்கள். நகைக்கட்டும்; துறவிக்கும் ஒரு கோவணம் வேண்டியிருக்கிறதே!

மூன்றாவது, உணவு. இலக்கின் அருகே மின்சாரம் இல்லை. காமிரா 5 வாட்டும் அலைபரப்பி 6 வாட்டும் உண்ணும். மொத்தம் 11 வாட். 12 வோல்ட் மின்கலத்திலிருந்து அது ஏறத்தாழ 0.9 ஆம்பியர் ஆகும். ஆறு மணி நேரத்திற்கு ஐந்தரை ஆம்பியர்-மணி. கடையில் எளிதிற் கிடைக்கும் 7 ஆம்பியர்-மணி ஈய மின்கலம் ஒன்றே போதும் போலத் தோன்றும். ஆனால் ஈய மின்கலத்தைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் வாழ்நாள் குறையும். எனவே இரண்டு மின்கலங்களைப் பக்க இணைப்பில் வைத்தோம். மாட்டின் மடியைக் கன்றுக்கும் சிறிது விட்டுக் கறப்பது போன்ற சிக்கனம் இது.

நான்காவது, முகவரி. காமிரா, இரண்டு ஆன்டெனாக் கருவிகள், கைப்பேசி ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வேண்டும். இதனைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. நம் புகைவண்டிக் குடியிருப்பில் ஒரு தெருவுக்குள் வீட்டுக்கு ஓர் எண் உள்ளது அன்றோ? அவ்வாறே 192.168.1 என்பது தெரு. அதன் பின் வரும் 20, 21, 22 என்பன வீட்டு எண்கள். இரண்டு வீட்டுக்கு ஒரே எண் இருந்தால் அஞ்சற்காரர் திகைப்பார். இரண்டு கருவிக்கு ஒரே எண் இருந்தால் படம் திகைக்கும். ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் மூடியில் ஒட்டிவைத்தல் நலம்.

கைப்பேசியில் ஒரு குறும்பு உண்டு. இந்த வைஃபையில் இணையம் இல்லை. காமிராவின் படம் மட்டுமே உண்டு. இணையம் இல்லை என்று கண்டதும் கைப்பேசி தானாகவே இதனை விட்டுத் தன் சிம் இணைப்புக்குத் தாவிவிடும். படம் மறைந்ததும் காமிரா பழுது என்று எண்ணி முந்நூறு மீட்டர் நடந்து போய்ப் பார்ப்பவர் பலர். சிம் வழி இணையத்தை அணைத்துவிட்டாற் போதும், நடை மிச்சம்.

படம் வந்துவிட்டது. இதில் புதிய துளை எது, பழைய துளை எது? பத்துத் துளைக்கு மேல் ஆனால் கண் மயங்கும். இதற்கெனவே அமைந்த செயலிகள் முன்படத்தையும் பின்படத்தையும் ஒப்பிட்டுப் புதிய துளையை மட்டும் வண்ணத்தில் மின்னச் செய்யும். அது கிடையாதாயின், ஒவ்வொரு குண்டுக்கும் பின் ஒரு படம் எடுத்துவைத்து, இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாலும் புதியது துள்ளித் தெரியும். குண்டு 300 மீட்டரைக் கடக்க அரை நொடிகூட ஆவதில்லை. படமோ ஒரு நொடி தாழ்ந்து வரலாம். அதில் தவறில்லை. மக்கள் வழங்கும் பாரதக் கதையில், மேலே சுழன்ற மீனைக் கீழே நீரில் தெரிந்த நிழலைப் பார்த்து எய்தான் அருச்சுனன். நம் வீரர்க்கு அந்த வித்தை வேண்டா. குறி பார்க்கும்போது கண் துப்பாக்கியில். சுட்டு முடித்து, மூச்சை விட்ட பின்னரே திரையில். ஒவ்வொரு குண்டுக்கும் திரையைப் பார்த்துப் பார்வை முள்ளைத் திருகுபவன், நிழலைத் துரத்துபவன் ஆவான். ஐந்து குண்டின் கூட்டத்தைப் பார்த்தே திருத்தம் செய்தல் வேண்டும் என்பது பயிற்சியாளர் கூறும் நெறி.

சட்டத்தையும் மறத்தலாகாது. சிற்றாற்றலுள்ள 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகளுக்கு 2005-ஆம் ஆண்டிலும், 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியின் பெரும்பங்குக்கு 2018-ஆம் ஆண்டிலும் நம் அரசு உரிமத் தேவையினின்று விலக்கு அளித்துள்ளது. விதித்த ஆற்றல் அளவை மீறாதிருத்தலும், அரசின் ஏற்பு பெற்ற கருவியையே வாங்குதலும் நம் கடமை. துப்பாக்கியோ 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்திற்கு உட்பட்டது. எனவே உரிமம் பெற்ற களத்தில், களப் பொறுப்பாளரின் இசைவோடு மட்டுமே இவ்வேலையைச் செய்யலாம். காமிராவோடு வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிடுக. பூட்டு வாங்கியவன் கடைக்காரன் சாவியையே நம்பியிருப்பானோ?

பெரியோர்களே! கருவி அமைந்ததும் ஆபத்து நீங்கிவிடவில்லை. ஒட்டுத்தாள் ஒட்டவும் அட்டை மாற்றவும் ஆள் போகத்தான் வேண்டும். இருபத்து நான்கு முறை என்பது நான்கு முறை ஆயிற்று; அவ்வளவே. அந்த நான்கு முறைக்குக் காவல் என்ன? இங்கே நான் சிக்னல் பிரிவில் கற்றது கைகொடுத்தது. ஒற்றைத் தடத்தில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வாராதிருக்க நம் முன்னோர் கண்ட முறை 'டோக்கன்'. ஒரு பிரிவுக்கு உரிய டோக்கன் ஓட்டுநர் கையில் இருந்தாலன்றி வண்டி நகராது. ஒரு நேரத்தில் ஒரு டோக்கனே வெளிவரும். அதனையே களத்திற்குக் கொண்டுவந்தோம். பித்தளைத் தகடு ஒன்று களப் பொறுப்பாளரின் மேசை மேல் தொங்கும். முன்னே செல்பவர் அதனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு செல்வார். தகடு ஆணியில் இல்லையெனில், துப்பாக்கிகள் எல்லாம் குண்டு நீக்கி, அறை திறந்து, தரையில் கிடக்கும். எவரும் அவற்றைத் தொடலாகாது. சீழ்க்கை காற்றில் கரையும். கொடி தவறாகப் படும். ஆணியில் தகடு இருக்கிறதா இல்லையா என்பதில் ஐயத்துக்கு இடமேது? காமிராவில் மேடு வெறுமையாகத் தெரிகிறதே என்று சுடத் தொடங்குவதும் கூடாது. காமிரா காண்பது இலக்கை மட்டுமே. பக்கத்தில் குனிந்து நிற்கும் மனிதனை அன்று.

இனி நான் சொல்லப் போவது கருவியைப் பற்றியதன்று. படம் முதன்முதலில் தெளிவாக வந்த நாளில் எல்லாரும் கைதட்டினார்கள். சாச்சா மட்டும் கைதட்டவில்லை. என்னைத் தனியே அழைத்து, "பாபுஜி, உங்கள் காமிராவுக்கு வெயில் உறைக்காது, பசியும் எடுக்காது. எனக்குப் பசிக்குமே!" என்றார். அவர் அஞ்சியபடியே நடந்தது. குழியில் ஆள் வேண்டாம் என்றானபின் இருவர்க்கும் நாட்கூலி எதற்கு என்று களத்தின் நிருவாகத்தார் கேட்டனர். அவர் உயிரைக் காக்க நாம் செய்த கருவி அவர் பிழைப்பைப் பறிப்பதா என்று நானும் நண்பரும் வாதாடினோம். மின்கலத்தைத் தூக்கிச் செல்ல, கம்பத்தை நேராக்க, தகட்டைத் துடைக்க, அட்டையை மாற்ற ஓர் ஆள் வேண்டும் என்று கணக்கெழுதிக் காட்டினோம். இரண்டு வாரப் பேச்சுக்குப் பின், பழைய கூலிக்கே சாச்சா நிலைபெற்றார். இன்று அவர் திரைக்கு முன் ஒரு முக்காலியில் அமர்ந்திருக்கிறார். இருபது ஆண்டுக் காலம் துளைகளையே பார்த்த கண் அது. செயலி மின்னுமுன் "மூன்று மணிப் பக்கம், எட்டு" என்பார். பெரும்பாலும் அதுவே சரியாக இருக்கும். திரையில் எழுதியிருப்பதை அவர் படிக்க மாட்டார், இலக்கைப் படிப்பார்.

ஆனால் அவ்விளைஞர்க்கு வேலை இல்லை என்றாயிற்று. வாரத்தில் ஒரு நாள் அழைத்தார்கள். ஒரு நாட் கூலியில் ஒரு குடும்பம் எங்ஙனம் நடக்கும்? அவர் வேறூருக்குப் பிழைக்கச் சென்றுவிட்டார். இதனை மறைத்துவிட்டுக் கருவியின் பெருமையை மட்டும் பேசினால், பேரேட்டில் வரவை எழுதிச் செலவை விட்ட எழுத்தன் ஆவேன். ஊரைவிட்டுப் பிழைக்க வந்தவர்களின் சங்கம் இது. வேலை போய் வேறூர் செல்வது என்ன என்பதை இவ்வவையில் உள்ளோர்க்கு நான் விளக்க வேண்டுவதில்லை.

ஆகவே இளைஞர்களுக்கு இரண்டு சொல் கூறி அமைகிறேன். உங்களில் பலர் பொறியியல் பயில்கிறீர்கள். சுடுகளமோ தொழிற்சாலையோ, எங்கே கருவி அமைக்கச் சென்றாலும், முதலில் அங்கே ஏற்கெனவே அவ்வேலையைச் செய்பவரோடு ஒரு நாள் அமர்ந்து பாருங்கள். ஆபத்து எங்கே இருக்கிறது என்பதை வரைபடத்தைவிட அவர் நன்கு அறிவார். கருவியின் விலையைக் கணக்கிடும் தாளிலேயே, அதனால் வேலை மாறுவோர்க்கு என்ன வழி என்பதையும் ஒரு வரியாக எழுதி, கருவி வருமுன்பே முடிவு செய்யுங்கள். வந்த பின் வாதாடினால் இருவரில் ஒருவரையே காக்க முடிந்தது என்பது எங்கள் பட்டறிவு.

இரண்டாவது, கருவியைக் கண்டு அஞ்சாதீர்கள். நான் கற்றது பத்தாம் வகுப்பு வரை. பாகையும் கலையும் வாட்டும் வோல்ட்டும் பள்ளிக்கூடத்துக் கணக்குகளே. தமிழில் எண்ணிப் பார்த்தால் அவை எவர்க்கும் விளங்கும். வேண்டுவது பொறுமையும், இரண்டு மூங்கிலும், ஒரு ஞாயிற்றுக்கிழமையும்.